காய்ந்த சாம்பல்

மேடு பள்ளம் எல்லாம் ஏறும் என்று சொல்லித்தான் அந்த பைக்கை விற்றார்கள். ஆனால் முதல் சர்வீஸ் வரை வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாதாம். எரிச்சலோடு கும்மிடிப்பூண்டியிலிருந்து கடற்கரைப் பக்கம் போனேன். வழியில் அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டிய வெளி, சிமெண்டுத் தரைபோல் காய்ந்து கிடந்தது. குறுக்கே விட்டேன்.

மெதுவாகப் போனதால்தான், கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் குரல் கேட்டது.

"யப்பா, நில்லு. நவுராத."

கால் ஊன்றினேன். தரை மெத்தைபோல் அசைந்தது. அவர் எனக்கு முன்னால் ஒரு கல்லை எறிந்தார். விழுந்த சத்தமே இல்லை. கல்லையும் காணவில்லை.

"மேலதான் காஞ்சிக்கீது, உள்ள சேறு. எங்க எருமை ஒண்ணு எறங்குச்சி. இன்னும் உள்ளதான் கீது."

வந்த தடத்திலேயே பைக்கைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். அந்தத் தடத்தில் அதற்குள் தண்ணீர் கசிந்திருந்தது.

சர்வீஸ் முடிந்ததும், இனி வேகமாகப் போகலாம் என்றார்கள். யாராவது கூப்பிட்டால் காதில் விழுகிற வேகத்தில்தான் இன்றுவரை போகிறேன்.