பதினைந்து கேள்விக்குறிகள்

வெளிநாட்டில் இருக்கும் என் மகள் மார்கழி விடுமுறைக்கு வந்தபோது, தான் பாவித்த கையடக்க விளையாட்டுக் கணினியை எனக்கு விட்டுப்போனாள். என்னுடைய மேசைக் கணினியை வெள்ளவத்தைக் கடற்காற்று அரித்து முடித்து மூன்று மாதமாகியிருந்தது.

"அப்பா, இதும் முழுக் கொம்பியூட்டர்தான். ரெண்டு பக்கமும் பிடிக்க இடம் வச்சிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்."

"அவ்வளவுதான் எண்டால் ஏன் பிள்ளை இருபத்திரண்டு பொத்தான்?"

"அதுக்குள்ள எண்ணிட்டீங்களா! ரெண்டு வருஷம் வச்சிருந்தனான், எனக்கே தெரியாது."

அவள் விமானம் ஏறிய மறுநாளே குறைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். குசினித் தராசில் வைத்தேன், அறுநூற்று அறுபது கிராம். படுத்துக்கொண்டு பிடித்தால் பதினெட்டாவது நிமிடத்தில் மணிக்கட்டு நோகிறது. திரையில் எழுத்துக்கள் எறும்பு அளவு. உள்ளே இருக்கும் விசிறி இரைகிற இரைச்சலில், அடுப்பில் பால் பொங்குகிறதென்று என் மனைவி இரண்டு முறை ஓடினாள். முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் ஒரு மணி ஐம்பது நிமிடம் தாங்குகிறது. திரை வெளிச்சத்தைக் குறைத்தால் இரண்டு மணி ஏழு நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை.

ஆனாலும் தினமும் எடுத்தேன். காலையில் பத்திரிகை வாசித்தேன், தண்ணீர்க் கட்டணம் கட்டினேன், பிறகு மகள் அதில் விட்டுப்போன இருபத்துமூன்று விளையாட்டுக்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். எது இந்தச் சின்ன இயந்திரத்தோடு ஒத்துப்போகும் என்று அதைச் செய்தவர்கள் குறித்து வைத்திருந்த அடையாளங்களில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பச்சை அடையாளம் போட்ட ஒன்று இரண்டு நிமிடத்தில் செத்துவிட்டது. அதனால் ஒரு கொப்பியில் என்னுடைய அட்டவணையைப் போட்டேன். ஓடும், நொண்டும், ஓடாது. ஓடுபவை பதினொன்று. எழுத்து வாசிக்க முடியாமலோ விசைப்பலகை கேட்டோ நொண்டுபவை ஏழு. ஓடாதவை ஐந்து. முப்பத்தொரு வருடம் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். வகைப்படுத்தாமல் ஒரு பொருளைப் பாவிக்க எனக்குத் தெரியாது.

அந்தத் திணைக்களத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவருக்காகத்தான் இருபத்துநான்காவது விளையாட்டு ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

அவரும் மொழிபெயர்ப்பாளர், கொட்டாஞ்சேனைக்காரர். நாங்கள் இருவரும் ஒரு சொல்லுக்காக மூன்று நாள் கதைக்காமல் இருந்திருக்கிறோம். ஆனால் மதியம் பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சலை மடித்துப் போட்டதும் ஒரே விசைப்பலகையில் இருவரும் கை வைத்துக் கிரிக்கெட் விளையாடுவோம். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய டிஸ்க். மரக்கட்டை போன்ற ஆட்கள், மூன்று நிறத்தில் ஒரு மைதானம். எழுத்து விசைகள் என்னுடையவை, அம்புக்குறி விசைகள் அவருடையவை. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் இருமுறை அவர் வெள்ளவத்தைக்கு வந்து என் மேசைக் கணினியில் விளையாடிவிட்டுப் போவார்.

ஐந்து மாதத்துக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வாய் தப்பியது. கால் கொஞ்சம் இழுத்தது. வலது கை முற்றாகப் போய்விட்டது. பொல்லை ஊன்றித் தினமும் வெளியே நடக்கவேண்டும், நடந்தால்தான் கால் மிஞ்சும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவர் நடக்கவில்லை. தொங்கும் கையை ஒழுங்கையில் உள்ளவர்கள் பார்ப்பார்கள் என்று வாசற்படி தாண்டுவதில்லை. வந்தவர்களையும் பார்ப்பதில்லை. நான் போன நாலு தடவையும், கையைத் துவாயால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய மனைவி படலையடியில் வைத்து என்னிடம் சொன்னார்:

"அண்ணை, கால் விறைச்சுக்கொண்டு போகுது. நான் சொன்னால் சத்தம்கூடப் போடுறார் இல்லை. முந்தி எவ்வளவு சத்தம் போடுற மனுசன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கையடக்கக் கணினியின் உருவம் மனதில் வந்தது. இடது பக்கம் ஒரு குமிழ், வலது பக்கம் ஒரு குமிழ். இடது பக்கப் பொத்தான்களுக்கு அம்புக்குறி விசைகளின் வேலையைக் கொடுத்தால் அவருக்கு இடது கை மட்டும் போதும். வலது பக்கத்தை நான் பிடிக்கலாம். ஒரு கணினி, இரண்டு பேர், ஆளுக்கொரு கை.

டிஸ்க் என் அலுமாரியில் இருந்தது. கையடக்கக் கணினியில் டிஸ்க் போட இடமில்லை. சந்தைக்கு அருகிலுள்ள கொமியூனிகேஷன் கடையில், போட்டோப் பிரதி எடுக்கும் பெண்ணிடம் கொண்டுபோனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் டிஸ்கை வெளிச்சத்தில் பிடித்தார்.

"அங்கிள், பூஞ்சணம் புடிச்சி ஈக்கி. இது எந்தக் காலத்து டிஸ்க்?"

"மூண்டு இடத்திலதான் பிடிச்சிருக்கு. நான் பாத்தனான்."

"பூஞ்சணத்தயும் எண்ணினீங்களா!" சிரித்துக்கொண்டே துடைத்துப் போட்டார். மூன்றாவது முறைதான் இயந்திரம் வாசித்தது. பென் டிரைவில் ஏற்றி, தன் கணினியில் திறந்தும் காட்டினார். மூன்று நிற மைதானம் வந்தது. "இந்தா ஓடுது. இனி உங்கட பாடு."

வீட்டுக்கு வந்து, கையடக்கக் கணினியில் ஒரு கோப்புறை செய்து, விளையாட்டை அதற்குள் போட்டேன். கோப்புறைக்குப் பெயர் வைக்க வேண்டும். என் கணினியில் எதற்கும் தமிழில்தான் பெயர். முப்பத்தொரு வருடம் அதற்காகச் சம்பளம் வாங்கியவன், வீட்டில் வேறெப்படி வைப்பேன்? 'விளையாட்டுக்கள்' என்று பெயரிட்டுத் திறந்தேன்.

ஓடவில்லை. ஒரு சாம்பல் பெட்டி வந்தது. ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, நடுவில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எண்ணினேன். பதினைந்து.

இணையத்தில் படித்த எல்லாவற்றையும் செய்தேன். பழைய கணினி போல நடிக்கச் சொல்லும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதில் ஆறு வகை, ஆறையும் போட்டுப் பார்த்தேன். திரையின் அளவைச் சுருக்கினேன், நிறங்களைக் குறைத்தேன். நாலு நாள் காலை முழுவதும் இதே வேலை. ஒவ்வொரு முறையும் அதே பெட்டி, அதே பதினைந்து. கடையில் ஓடியது இங்கே ஓடாமல் போவதற்கு என்ன முறை? மகள் தொலைபேசியில், "அப்பா, சில பழைய கேம் இதோட ஒத்துவராது. விடுங்கோவன்," என்றாள். கொப்பியில் 'ஓடாது' என்ற நிரலுக்குக் கீழே ஆறு என்று எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

அன்றைக்குக் காலை எழுதாமல் விட்டதற்குக் காரணம் ஓர் ஒற்று. கோப்புறையின் பெயரைப் பார்க்கப் பார்க்க 'விளையாட்டுக்கள்' என்பதில் வரும் 'க்' எனக்குக் குத்தியது. ஒற்று மிகவேண்டுமா, கூடாதா? அலுவலகத்தில் அந்த நண்பர் ஒற்று வேண்டாம் என்பார், நான் வேண்டும் என்பேன். அவர் நோயில் கிடக்கிறார், இந்த ஒருமுறை அவர் சொன்னபடி இருக்கட்டும் என்று 'க்'கை எடுத்துவிட்டேன். 'விளையாட்டுகள்.' கடைசியாக ஒரு தடவை திறந்தேன். சாம்பல் பெட்டி வந்தது. பழக்கத்தில் எண்ணினேன்.

பதின்மூன்று.

கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். திரும்ப எண்ணினேன். பதின்மூன்றேதான். நான் எடுத்தது ஓர் எழுத்து, குறைந்தது இரண்டு கேள்விக்குறி. கொப்பியில் பெயரைப் பிரித்து எழுதினேன். 'க்' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது ககரமும் புள்ளியுமாக இரண்டு. 'வி' இரண்டு, 'ளை' இரண்டு, 'யா' இரண்டு, 'ட்' இரண்டு, 'டு' இரண்டு, தனியாக நிற்கும் 'க' ஒன்று, 'ள்' இரண்டு. கூட்டினால் பதின்மூன்று. அந்தக் கேள்விக்குறிகள் என்னுடைய தமிழ். விளையாட்டுக்கு ஒரு நோயும் இல்லை. தான் குடியிருக்கும் வீட்டின் பெயரை வாசிக்கத் தெரியாமல்தான் நாலு நாளாக வாசலிலேயே நின்றிருக்கிறது!

ஆங்கிலத்தில் பெயர் வைக்க மனம் ஒப்பவில்லை. '24' என்று இலக்கத்தில் வைத்தேன். திறந்தேன். மைதானம் வந்தது. பச்சை, மண்ணிறம், நீலம். மரக்கட்டை மனிதர்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் மனைவி இந்த முறை பாலை எண்ணவில்லை, என்னை எண்ணித்தான் ஓடிவந்தாள்.

"என்னப்பா, நெஞ்சு நோகுதோ?"

"ஓடுது!"

"என்ன ஓடுது?"

பொத்தான்களுக்கு விசைகளின் வேலையைப் பிரித்துக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் காலைப்பொழுது எடுத்தது. பிறகு ஒரு சனிக்கிழமை கணினியையும் சார்ஜரையும் பையில் வைத்தேன். அவர் வீட்டுச் சுவரில் இருப்பவை பழைய உருண்டைத் துளைகள். அதற்குப் பொருந்தும் பிளக்கையும் மறக்கவில்லை. பத்தரைக்குக் கொட்டாஞ்சேனையில் இருந்தேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஐசே, மிஷினைக் காட்ட வந்தனீரா, என்னைப் பாக்க வந்தனீரா?"

"உம்மைத் தோற்கடிக்க வந்தனான்."

"ஒற்றைக் கையனை வெண்டு உமக்கென்ன பேர் கிடைக்கப்போகுது?"

"எனக்கும் ஒரு கைதான். இந்தப் பக்கம் உம்மட, அந்தப் பக்கம் என்ர."

நான் கதிரையை அவருக்கு வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிறிய மேசையில் ஒரு தலையணையை வைத்து, அதன்மேல் கணினியைச் சாய்த்தேன். மைதானம் திரையில் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கை மெல்ல வந்து தன் பக்கத்தைப் பிடித்தது.

ஆளுக்கு ஐந்து ஓவர். முதலில் நான் ஆடி நாற்பத்தொரு ஓட்டம் எடுத்தேன். அவர் ஆடத் தொடங்கியதும் பெருவிரல் பொத்தானைத் தவறவிட்டது. முதல் ஓவரில் நாலு விக்கெட் போய்விட்டது, ஓட்டம் இரண்டு.  இதற்காகவா இவ்வளவும் செய்தேன்? அடுத்த பந்தை மெதுவாக, மட்டைக்கு நேரே போட்டேன்.

விரலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஐந்து மாதத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"இரக்கப்பட்டுப் போடுறீரா?"

"இல்லை, அது..."

"கையிலதான் வருத்தம் ஐசே, கண்ணில இல்லை. ஒழுங்காப் போடும்."

ஒழுங்காகப் போட்டேன். அடித்தார். பிடிபடாத இடம் பார்த்து, வேகப் பந்தை விட்டு மெதுவானதைத் தேர்ந்து, அலுவலகத்தில் அடித்ததைப் போலவே அடித்தார். கடைசிப் பந்துக்கு நான்கு ஓட்டம் தேவை. நான் என்னிடமிருந்த ஆக வேகமான பந்தைப் போட்டேன். அது எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனது.

"அடிச்சன்!"

அந்தச் சத்தத்துக்கு அவருடைய மனைவி கையில் தேங்காய்ப் பாதியோடு ஓடிவந்தார். "என்ன, என்ன, விழுந்திட்டாரா?"

"விழுந்தது இவர்," என்று தாடையால் என்னைக் காட்டினார். "இன்னொண்டு போடும் ஐசே."

சார்ஜரைக் குத்திக்கொண்டு இரண்டாவது ஆட்டம் ஆடினோம். அதில் கடைசிப் பந்துக்கு அவர் வெல்ல மூன்று ஓட்டம் வேண்டும். அடித்துவிட்டு ஒன்று ஓடினார். இரண்டாவதுக்குத் திரும்பியபோது ஆட்டமிழந்தார். ஓர் ஓட்டத்தால் நான் வென்றேன்.

"செல்லாது. நான் நேரத்துக்கு அமத்தினனான். மிஷின் பிந்திப் போட்டுது."

"மிஷினில ஒரு பிழையுமில்லை. நான் நூறு தரம் சோதிச்சனான்."

"பழைய கேமுக்கும் புது மிஷினுக்கும் ஒத்துவரேல்லை. நீர் என்ர பக்கம் பொத்தானைப் பிழையாக் குடுத்திருக்கிறீர்."

"ரெண்டு பக்கமும் ஒண்டுதான். தோற்றால் தோற்றதெண்டு சொல்லும்."

பஸ்ஸைப் பிடிக்க எழும்பி, எல்லாவற்றையும் பைக்குள் வைத்தேன். அவர் பொல்லை இடது கையால் எடுத்தார். எனக்குப் பின்னால் விறாந்தைக்கு வந்தார்.

"நில்லும். பதில் சொல்லிப்போட்டுப் போம்."

மூன்று படி இறங்கினேன். அவரும் ஒவ்வொன்றாக இறங்கினார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, துவாய் கதிரையிலேயே கிடந்தது. படலையைத் திறந்துபிடித்த அவர் மனைவி என் காதருகே மெல்லச் சொன்னார்: "அண்ணை, கடவுளே, விட்டுக்குடுத்திடாதேங்கோ."

நானா விட்டுக்கொடுப்பேன்? ஒழுங்கையில் நடந்துகொண்டே பொத்தான் கணக்கைச் சொன்னேன். அவர் காலை இழுத்து வந்து மறுத்தார். ஒரு வீட்டு வாசலில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர்களிடமும், "இவர் அலுவலகத்திலயும் இப்படித்தான் அளாப்பி வெண்டவர்," என்று முறையிட்டார். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். படலையிலிருந்து தெருமுனைக்கு அவருடைய காலுக்கு இருநூற்றுப் பதினாறு அடி.

தெருமுனையில் அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னாலேயே வந்த அவர் மனைவி கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையை வைத்தார். அவர் அதில் உட்கார்ந்து, பொல்லை மடியில் வைத்து, இடது பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்த விரல் பிந்தேல்லை ஐசே. எழுதி வையும்."

புறக்கோட்டை பஸ் வந்தது. அதை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். மூன்றாவது வரும்போதும் அவர் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்.