ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நம்பர்

எங்கள் தொழிலில், அட்டைப்பெட்டி மேல் அச்சடித்ததை நம்பியவர்கள் யாரும் நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. நான் மூலக்குளத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அசெம்பிளி பார்க்கிறேன். லினக்ஸ் போட்டுவிட்டு, நெட் வராமல் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே சாதி.

வாயைக் கொடுத்தேன்

முதலியார்பேட்டையில் பெண்களுக்கு இலவச கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கவிருந்த மேரி மேடம், பத்து சிஸ்டம் கேட்டு வந்தார். ரிட்டயர்டு டீச்சர். சாப்ட்வேருக்குத் தனியாகச் செலவு செய்ய முடியாது, லினக்ஸ்தான் வேண்டும் என்றார். கடைக்காரர் குமார் அண்ணன் இழுத்தார். நான்தான் குறுக்கே புகுந்து, "ஆவும் மேடம், நான் பாத்துக்கறேன்" என்றேன். மேடம் படியிறங்கியதும் அண்ணன் சொன்னார்: "பத்துல ஒண்ணு ஓடலன்னாலும் இந்தக் கடையில லினக்ஸ்னு நீ வாயத் தொறக்கக் கூடாது கலா."

மூன்றில் ஒன்று

மதர்போர்டைக் கேபினெட்டில் முடுக்குவதற்கு முன், அதன் பெட்டி மேலேயே வைத்து, என் பழைய பெண்டிரைவில் இருக்கும் லினக்ஸைப் போட்டுப் பார்ப்பேன். கடையிலிருந்த மூன்று மாடலை எடுத்தேன். முதல் போர்டில் சத்தம் வரவில்லை. இரண்டாவது தூங்கப் போனால் எழுந்திருக்கவில்லை; என் ஒன்றரை வயதுக்காரி அதற்கு நேரெதிர். மூன்றாவதில் எல்லாமே வந்தது. அதே மாடலில் இன்னும் ஒன்பது ஆர்டர் சொன்னேன். கொண்டுவந்து இறக்கியவர் சத்தியம் செய்யாத குறை: "அதே மாடல்தான்க்கா, பொட்டி கூட ஒரே கலரு."

ஒன்பதும் ஊமை

திங்கள் காலை பத்து மணிக்கு வகுப்பு திறப்பு. வழக்கம்போல் முன்கூட்டிப் பார்க்க நேரமில்லாமல், ஞாயிறு மதியம் ஒன்பதையும் நேராக முடுக்கி, அதே பெண்டிரைவால் லினக்ஸ் போட்டு ஆன் செய்தேன். ஒன்றில்கூட நெட் இல்லை. கேபிளை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். பக்கத்தில் பழைய மூன்றாவது மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பிரித்த போர்டைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கக் கை வரவில்லை.

பத்து போர்டையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே மாதிரி. எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு: பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகப் போர்டின் மூலையில் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். பத்திலும் அதை நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். அடியில் ரிவிஷன் நம்பர், அதாவது அந்த மாடலை எத்தனையாவது முறை மாற்றிச் செய்தார்கள் என்ற எண். பழையதில் 1, புதியவற்றில் 2. மாடல் பெயர் ஒன்றுதான், உள்ளே நெட்வொர்க் சிப் வேறு. அது என் பழைய லினக்ஸுக்குத் தெரியாத புதுச் சிப். ஓடுகிற ஒன்றை வைத்துப் புது லினக்ஸை இறக்கி, ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்பதாவதில் நெட் வந்தபோது கடையை மூடும் நேரம். அண்ணன் கிழிந்த ஸ்டிக்கர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம்கிட்ட மூச்சு விடாத."

மேடம் எண்ணினார்

திங்கள் காலை வகுப்பறையில் பத்தையும் இறக்கியதும் மேடம், "உள்ள ஒரு தடவ பாத்துக்கறேன்" என்று பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொன்றாக எண்ணிப் பத்தையும் பார்த்தார். "ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?" அண்ணன் என்னைப் பார்த்தார். வாசலில் பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொய் சொல்ல நேரமில்லை; பழைய பெண்டிரைவிலிருந்து நகம் வரைக்கும் கொட்டிவிட்டேன். மேடம் ஒரு சிஸ்டத்தை ஆன் செய்து, நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "புதுசா ஒட்டிக் குடும்மா. இந்தத் தடவ நம்பர் தெரியற மாதிரி ஒட்டு."

ஊரிலுள்ள போர்டையெல்லாம் சந்தேகப்பட்ட நான், என் கையால் ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும்தான் சந்தேகப்படாமல் விட்டிருந்தேன்.