யார் படகு என்று கேட்காதவர்கள்

நாடு சுதந்திரம் வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூர் பக்கம் எங்கள் குப்பத்தில் நடந்தது. என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். விடிந்ததும் மீன்கூடையோடு நான் தண்டையார்பேட்டைக்கு நடந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் இடுப்பில் பழைய புடவையைச் சுற்றி, மறுமுனையைக் குடிசைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போவேன். ஒருநாள் முடிச்சு அவிழ்ந்து, அலை தொடும் இடத்தில் உட்கார்ந்து மணலைத் தின்றுகொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துத் தூக்கி வந்தாள். அதிலிருந்து கூடையைத் தூக்குமுன் அந்த முடிச்சை நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

தாய் சேய் நலத்துக்காகப் பட்டணத்திலிருந்து ஓர் அம்மா வந்துபோவார். வலைக் கொட்டகையில் பாதியைக் காலை நேரத்தில் பிள்ளைகளுக்கு விடுங்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வையுங்கள் என்று எங்களுக்காக, அந்தக் கொட்டகையிலேயே கூடிய ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டார். நல்ல மனசு. ஆனால் பேச்சுவாக்கில், குழந்தைகள் அனாதைகள் மாதிரிக் கிடக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். ஆண்களுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

என் மாமனாரின் தம்பி, “எங்க புள்ளைங்களுக்கு அப்பன் ஆத்தா இல்லியா? பெத்தவ பாத்துக்கட்டும். இதுல ஊருக்கு இன்னா கீது?” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அங்கே பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. ஓரமாக நின்றிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு படகு கரைக்கு வந்தது. படகு வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிக் கயிறு பிடித்துக் கரையேற்றுவோம். பஞ்சாயத்தே ஓடியது. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானும் ஒரு கை கொடுத்தேன். எனக்கு முன்னால், துண்டை உதறிய அந்த மாமா. வந்ததோ அவருடைய பங்காளியின் படகு. இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை.

எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியாது. “மாமா, இது யாரு படகு?” என்றேன்.

“ஏன், உனுக்குத் தெரியாதா?”

“தெரியும் மாமா. பேசாத ஆளு படகுக்கே கயிறு புடிக்கிறீங்க. இந்தப் புள்ளைய அலை இஸ்துகினு போனா, யாரு புள்ளைன்னு கேட்டுகினு நிப்பீங்களா?”

அவர் கயிற்றை இன்னும் பலமாக இழுத்தார். படகு மேட்டில் ஏறிய பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உன்ன ஊமைன்னு நெனச்சிகினு இருந்தேன்மே” என்றார். சிரித்தவர்களில் பங்காளியும் இருந்தார்.

திரும்பக் கொட்டகையில் கூடியபோது மாமாவே முதலில் பேசினார். “புள்ளைங்க பக்கம் கடலைப் பாக்க வழி வேணாம். ரோட்டுப் பக்கமா வாசல் வெட்டுங்க.” அவ்வளவுதான், முடிந்தது பஞ்சாயத்து. கம்பத்திலிருந்து அவிழ்த்த புடவையில் என் மகளுக்கு அங்கேயே தூளி கட்டினேன்.

அதன் பிறகு அந்த அம்மா வேறு குப்பங்களுக்குப் போனால், இங்கே படகு வந்தால் யார் இழுப்பீர்கள் என்று கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாராம். பாவம் பாருங்கள் என்றபோது மூடிக்கொண்ட மனசு, நீங்கள் தினமும் செய்கிறதுதானே என்றதும் திறந்துகொண்டது. இன்றைக்கும் பிள்ளைகளுக்காக நாலு பேரிடம் போய்க் கேட்க வேண்டி வந்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த ஈரக் கயிறு கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசிவிடுகிறேன்.