சீஸில் உப்புக் கூடவில்லை

போன சனிக்கிழமை, மாலை நாலரை மணி. எங்கள் கராஜ் கதவு பாதி இறங்கியிருந்தது. ஆக்லாந்துத் தமிழ் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான் — உள்ளே ஆண்கள் பியர் குடிக்கிறார்கள்.

அன்று புரட்டாதிச் சனி. இறைச்சி கூடாது. பியர்? அது சைவம்தானே என்பது என் கணவரின் தீர்ப்பு! ஆகவே பார்பிக்யூவில் ஆட்டிறைச்சிக்குப் பதிலாக உப்புச் சீஸ். நெருப்பில் போட்டாலும் உருகாத வகை. அரை அங்குலத் தடிப்பு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம், மேலே கொஞ்சம் தேசிக்காய் பிழிந்த புளி.

தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். கணவரின் நண்பர் சிவநேசன் குரல் கொடுத்தார்.

"அக்கா, உப்பை அள்ளிக் கொட்டிட்டியளோ?"

"விடு மச்சான். பேப்பருக்கு ஃபாக்ஸில அனுப்புற சமையல் பத்தியிலதான் அவவுக்குக் கவனம்" என்றார் கணவர். சிரிப்பு.

நான் ஒரு கல் உப்பும் போடவில்லை. அது சீஸோடு வருகிற உப்பு. அவர்கள் கையைப் பார்த்தேன். கறுப்பு பியர்! பிழை அங்கேதான் இருந்தது.

ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்?

பத்திக்காக நான் எழுதிவைக்கிற டயரியில் இருக்கிறது. மூன்று வியாழக்கிழமைகள், கணவர் வேலைக்குப் போன பிறகு, சமையலறை மேசையில். ஒவ்வொரு வாரமும் ஒரு வகை பியர், அரை கிளாஸ், ஒரு துண்டு சீஸ். கறுப்பு: கருகல் கசப்பு உப்பை நாக்கிலேயே நிறுத்திவிடுகிறது. மண்ணிறம்: இனிப்பு, இரண்டாம் துண்டில் திகட்டல். வெளிர் மஞ்சள்: நுரை கொழுப்பைக் கழுவிவிட, நாக்கு அடுத்த துண்டைக் கேட்கிறது.

சொன்னால் 'குடிக்கிற பொம்பிளை'. சொல்லாவிட்டால் உப்பு அளவு தெரியாதவள். இருபத்திரண்டு வருடம் சமைத்த கை... எந்தப் பெயரை வாங்குவது?

ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பின்னால் இருந்த இரண்டு வெளிர் பியர் போத்தல்களை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

"இதோட சாப்பிட்டுப் பாருங்கோ, தம்பி."

சிவநேசன் ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொன்று. மூன்றாவதுக்குக் கை நீண்டது.

"இப்ப உப்பு எப்பிடி?"

"அளவா இருக்கு, அக்கா... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குடிச்சுப் பார்த்தனான்."

கணவரின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. "இஞ்சேர், என்ன கதை இது? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"சீஸ் நல்லாயிருக்கெண்டு நினைப்பினம்."

குழம்பை ருசி பார்க்காமல் இறக்கினால் குற்றம். பியரை ருசி பார்த்தால் குற்றம். ஒரே நாக்குக்கு எத்தனை சட்டம்?

கராஜ் கதவை முழுதாக மேலே தூக்கினேன். வெயில் உள்ளே வந்தது. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எனக்கும் அரை கிளாஸ் ஊற்றிக்கொண்டேன்.

அன்றைய டயரிக் குறிப்பு: உப்புச் சீஸ், வெளிர் பியர். கதவு திறந்திருக்க வேண்டும்.