நடுவிலேயே நின்ற முள்

நம்பினால் நம்புங்கள். இது பட்டப்பகலில், நான் ஓட்டிய வண்டியில், எனக்கே நடந்தது. நான் கார் மெக்கானிக். பேய் என்றாலே சிரிக்கிற ஆள். இத்தனை நாள் இதை வெளியே சொல்லாததற்குப் பயம் காரணமில்லை. வெட்கம்.

அக்கா வீடு மாற்றினாள். கட்டில், அலமாரி, துணி மூட்டை எல்லாவற்றையும் ட்ரெய்லரில் ஏற்றி என் காரின் பின்னால் மாட்டினேன். இருபத்திரண்டு வருடத்து வண்டி. மலை ஏற்றத்தில் பாரம் இழுத்தால் இன்ஜின் கொதிக்கும் என்று தெரியும். அதனால் முந்தின நாளே ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட் மாற்றி, ஃபேன் பெல்ட்டையும் புதிதாகப் போட்டிருந்தேன். அத்தான் முன்னாடியே புது வீட்டுக்குப் போய்விட்டார். ஏழு மாதக் கர்ப்பத்தோடு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மதியம் 2.10. ஏற்றம் தொடங்கியது. இரண்டாம் கியர். ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்தால் அது பிழைக்கும்.

"டேய், என்னை உள்ள வெச்சு அவிக்கப் போறியா?"

"பத்து நிமிஷம் பொறுத்துக்கோக்கா."

2.19. ஹீட்டரில் ஜில்லென்று காற்று வந்தது. அக்காவுக்கு சந்தோஷம். நான் சட்டென்று மீட்டரைப் பார்த்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால்தான் அப்படி வரும். ஆனால் சூடு காட்டும் முள் நடுவில்தான் இருந்தது. இம்மிகூட அசையவில்லை.

2.23. காருக்குள் சுட்ட ரொட்டி வாசனை...

வளைவில் ஒருவர் நின்றார். பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் பேக்கரிக்காரர். என் வாடிக்கையாளர். முழங்கை வரை மாவு. வண்டி ஊர்ந்தது. அவர் என் ஜன்னலோடு சேர்ந்தே நடந்தார். அந்த ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

"நிறுத்து தம்பி. கொதிக்குது."

"முள் நடுவுலதானே இருக்கு அண்ணே."

"எனக்கும் நடுவுலதான் இருந்துச்சு."

கால் தானாக பிரேக்கை மிதித்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? ஆறு மாதம் முன்பு இவர் காரைக் கொண்டுவந்தார். "ட்ரெய்லர் இழுத்தா முள் ஏறுது தம்பி" என்றார். அன்று வேலை தலைக்கு மேல். ரேடியேட்டரை நான் தொடவே இல்லை. மீட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன ரெசிஸ்டர் துண்டைச் சொருகி, என்ன ஆனாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்தேன். "இனிமே ஏறாது அண்ணே" என்றேன். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கமே நான் போகவில்லை.

"யார்கிட்டடா பேசுற?" அக்கா கேட்டாள்.

வெளியே யாரும் இல்லை.

புஸ்ஸ்ஸ்... பானெட்டிலிருந்து ஆவி.

அக்காவை இறக்கித் தள்ளி நிற்க வைத்தேன். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். 2.26. பதற்றத்தில் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடிமேல் துணியைப் போட்டுக் கை வைத்தேன்.

காதருகில்...

"தொடாதே."

பின்னால் துள்ளினேன்.

மூடி தெறித்தது. ஆவி ஆளுயரம் சீறியது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தேன். கசிவு எங்குமே இல்லை. முள்ளும் ஒழுங்காக வேலை செய்தது.

மறுநாள் காலை பேக்கரிக்குப் போனேன். காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கல்லாவில் அவர் மனைவி இருந்தார்.

"அண்ணன் இல்லையா அண்ணி?"

"உங்களுக்குத் தெரியாதா? அஞ்சு மாசம் ஆச்சு தம்பி. மலை ஏத்தத்துல வண்டி கொதிச்சிருக்கு. மூடியைத் திறந்தவர், ஆவி மூஞ்சியில அடிச்சு அப்படியே பள்ளத்துல..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கமேல தப்பில்ல. நீங்க நல்லாத்தானே பாத்துக் கொடுத்தீங்க."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழை மாதிரி வேறு ஒன்றைத்தான் கேட்டேன்.

"அந்த வண்டி எங்க அண்ணி?"

"இன்ஜினை மாத்தி வித்துட்டோம். எந்த ஊர்க்காரங்களோ, மூணு சின்னப் பிள்ளைங்களோட வந்தாங்க. ட்ரெய்லர் இழுக்குமான்னு கேட்டாங்க. நீங்க சரி பண்ணின வண்டின்னு சொன்னேன். உடனே எடுத்துக்கிட்டாங்க."