அக்கா எடுக்கச் சொன்ன பெயர்

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அக்காவின் பொறுமையைப் பற்றி வாசிக்க எதிர்பார்ப்பீர்கள். நான் அக்காவின் கோபத்தைப் பற்றி எழுதுகிறேன். அது எனக்கும் இன்னும் ஆறவில்லை.

அக்கா பிறந்தது இரணியலில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் நர்சிங் முடித்த கையோடு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். தன் கல்யாணத்தைப் பற்றி யாரையும் வாய் திறக்க விடவில்லை. நாகர்கோவிலில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில்தான் அவருடைய காலம் கழிந்தது.

அங்கே ஒரு புதிய மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர்கள் சொல்லும் தொந்தரவுகளைத் தினமும் எழுதி வைப்பது அக்காவின் பொறுப்பு. பூதப்பாண்டி விவசாயி ஒருவர், "சிஸ்டரே, சாயா கிளாஸப் பிடிக்க முடியல்ல. கை கெடந்து நடுங்குது" என்றார். அக்கா அதை அப்படியே எழுதினார். பிறகு வேறு சிலரும் அதையே சொன்னார்கள். அதையும் எழுதினார்.

மனநோய் மருந்து ஆராய்ச்சிக்கென்றே வெளிவரும் ஒரு மருத்துவ இதழில் அந்தச் சோதனையைப் பற்றிய கட்டுரை வந்தது. அதை எழுதிய மருத்துவமனை டாக்டர் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "சிஸ்டர், நன்றியில உங்க பேரையும் போட்டிருக்கேன்."

அக்கா இதழை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆங்கில ஆசிரியனான என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். சொல்லும்படியான பக்கவிளைவு எதுவும் இல்லை என்று அதில் இருந்தது.

"அவங்க கை நடுங்குனதுக்கு நாந்தானே சாட்சி? அத விட்டுட்டு எம்பேரப் போட்டா, நானும் கூட்டுநின்ன மாதிரில்லா இருக்கு. எழுது மக்கா. நடுக்கத்தப் போடச் சொல்லு. இல்லேன்னா எம்பேர எடுக்கச் சொல்லு."

இதழுக்கு எழுதினோம். பல மாதம் கழித்து இதழில் ஒரு திருத்தம் வந்தது. ஒரே வரி. நன்றியிலிருந்து அக்காவின் பெயர் நீக்கப்படுகிறதாம். நடுக்கத்தைப் பற்றி மூச்சே இல்லை. பிழையை அப்படியே வைத்துக்கொண்டு, பிழை என்று சொன்னவரை நீக்கியிருக்கிறார்கள். இவ்வளவு படித்தவர்களுக்கு வெட்கம் வேண்டாமா? அந்த மாதமே அக்காவை வேலையை விட்டும் நிறுத்தினார்கள்.

புற்றுநோயில் படுத்திருந்த கடைசி நாட்களிலும், "அந்த மனுசனுக்குக் கை இப்பம் எப்படி இருக்குன்னு கேட்டியா?" என்பார்.

இந்த மலரைத் தயாரிக்கும்போது பெரியப்பா மகன் சொன்னார்: "டாக்டரு மலர்வளையம் கொண்டுவந்தாருல்லா தம்பி, நன்றியில ஒரு வரி போடப்பிடாதா?"

போட மாட்டேன். அக்கா இருந்தால் அந்த வரியைத் தன் கையாலேயே அடித்திருப்பார்.

அக்காவைக் குளிப்பாட்டித் துடைத்துக் கடைசிவரை பார்த்த என் மனைவிக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த சபையாருக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும் நன்றி.

பூதப்பாண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி அடக்கத்துக்கு வந்தவருக்கும் நன்றி. அவர் அள்ளிய மண் குழிக்குப் போகுமுன்னே விரல்வழி சிந்திவிட்டது. மறுபடி குனிந்து அள்ளினார். அந்த மாத்திரையை நிறுத்தி வருடங்கள் ஆகியும் அவர் கை இன்னும் நடுங்குகிறது.

அக்கா, அந்த இதழ் போடாததை இந்த மலரில் போட்டுவிட்டேன்.