நாலாம் அடி இல்லாத டிஸ்கோ

போன ஆடிக் கிருத்திகைக்கு, ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் எங்கள் தெருவை அதிரவைத்தபடி மலைப் பக்கம் போனது. டம் டம் டம் என்று மூன்று அடி விழுகிறது, நாலாவதைக் காணோம். மறுபடி மூன்று. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகளிடம், ஏம்மா இதில் ஒரு அடி குறைகிறதே என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். "அது திருத்தணி டிஸ்கோப்பா, நம்ம பக்கம் இப்படித்தான் அடிப்பாங்க" என்றாள். நான் கைப்பிடிச் சுவரோரம் போய் வேனை எட்டிப் பார்த்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் பேண்டு செட்டுக்காரன். சிவப்புக் கோட்டும் தோளில் ஜரிகைக் குஞ்சமுமாகப் பார்த்தால் ஓட்டல் வாசல் காவலாளி என்றே நினைப்பீர்கள். கழுத்தில் டிரம். பக்கத்தில் டிரம்பட் ஊதுகிற தேவராஜ், அம்மையார்குப்பத்தில் தறி வேலையை உதறிவிட்டு வந்தவன். டிரம்பட்டைப் புளி போட்டுத் தேய்ப்பான். இன்றைக்கும் வீட்டில் ரசத்துக்குப் புளி கரைத்தால் எனக்கு அவன் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வரும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், உறவு ஒன்றும் இல்லாத என்னை, மச்சான் என்கிற மாதிரி 'பாவா' என்றுதான் கூப்பிடுவான்.

அப்போது எல்லாருக்கும் டிஸ்கோ பைத்தியம். எங்கள் மாஸ்டர் மெட்ராசிலிருந்து ஒரு இங்கிலீஷ் கேசட் வாங்கிவந்து, காவடிப் பாட்டையெல்லாம் அந்த அடிக்கு மாற்றிவிட்டார். சமதரையில் ஜோராகத்தான் இருந்தது. காவடிக்கு முன்னால் வாசித்துக்கொண்டே மலைப்படி ஏறும்போதுதான் வினை வந்தது. டிஸ்கோ மூச்சு வாங்க இடமே தராது. பாதிப் படியில் தேவராஜின் ஊதல் அறுந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் நானும் குச்சியைத் தூக்கிப் பிடித்து நாலாவது அடியை அடிக்காமல் விட்டேன். அதற்குள் அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தோம். காலி விழுந்த இடத்தில் கூட்டம் 'அரோகரா' போட்டது. வேண்டுமென்றே விட்டோம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், மாஸ்டர் உட்பட.

இறங்கி வந்ததும் தேவராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்ச நாளாவே மூச்சு பத்தல பாவா. மாஸ்டர்கிட்ட சொல்லிடாத, நிறுத்திடுவாரு. மறுபடியும் தறிக்குப் போவ என்னால ஆவாது."

சொல்லவில்லை. ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்தில், மலையில் அடித்த மாதிரி அடிக்கச் சொன்னார்கள். ஏற ஒரு படியும் இல்லாத பந்தலிலும் அந்த அடியை விட்டோம். மற்ற செட்டுக்காரர்கள் கேட்டுப் பழகிக்கொண்டார்கள். நகரி, புத்தூர் என்று தெலுங்குக் கல்யாணங்களுக்கும் அது போயிற்று. நான் பெரிய சங்கீத மேதை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒருமுறை, வேலூருக்குப் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வரலாம் வாடா என்றேன். "ஆங், கிருத்திகை முடியட்டும் பாவா" என்றான். மாதாமாதம் ஒரு கிருத்திகை வந்துகொண்டுதான் இருந்தது. நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது. நாற்பதைத் தொடாமலே அவன் போய்விட்டான்.

வேன் தெருமுனை திரும்பும்வரை மாடியிலேயே நின்றிருந்தேன். கம்ப்யூட்டரில் போட்ட அடி, ஒரு இழை பிசகவில்லை. நாங்கள் வாசித்த நாளிலெல்லாம் அந்தக் காலி இடத்தில், என் தோளுக்குப் பக்கத்தில் ஒருவன் மூச்சை இழுக்கிற சத்தம் இருக்கும். கூட்டத்துக்கு அது கேட்டதே இல்லை, எனக்கு மட்டும் கேட்கும். இப்போது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.